முதல் கோலை அவள் அடிக்க வேண்டும்

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. எங்கள் கல்லூரியில் அது யார் கையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நிற்காத பொறுப்பு. ரசீது சேர்க்க வேண்டும், பையன்களை மேய்க்க வேண்டும், ஏழு நாள் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். தமிழ்த்துறைக்காரர்கள் பேசத் தெரிந்தவர்கள் என்று சொல்லி 2023இல் என் தலையில் கட்டினார்கள். பேச்சால் எவ்வளவு குறைவாக நடக்கும் என்பது தமிழ்த்துறைக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி மறுக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த ஆகஸ்டில்தான் நாங்குநேரி நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. செய்தியைப் படித்தவர்களுக்கு அந்த அண்ணன் நினைவில் இருப்பான். எனக்குத் தங்கை நின்றுவிட்டாள். யாரும் அவளைக் குறிவைத்து வரவில்லை. அவள் குறுக்கே வந்தாள். நம் ஊரில் பெண்பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பழகிவைத்திருக்கும் இடம் அது, குறுக்கே வருவது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில்.

எங்கள் கல்லூரியிலும் கயிறு உண்டு. மஞ்சள்-சிவப்பு, பச்சை-மஞ்சள், நீலம் என்று கையைப் பார்த்தே தெரு தெரியும். பேருந்தில் யார் எந்தச் சீட், கேன்டீனில் யார் எந்த பெஞ்ச் என்பதெல்லாம் யாரும் எழுதாத சட்டம். அந்த வருடம் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தொடங்கிய தகராறு தண்ணீர்க் குழாயடியில் மண்டை உடைவதில் முடிந்தது. மறுநாள் பத்திரிகையில் இரண்டு அங்குலச் செய்தி வந்தது: இரு தரப்பு மாணவர்கள் மோதல். தரப்பு என்று எழுதினால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்பதுபோல இருக்கும். மண்டை உடைந்தவன் யார், உடைத்தவன் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

முகாமுக்குக் கிளம்பும்முன் முதல்வர் அழைத்தார். “பசங்கள ஒண்ணா விளையாட விடுங்க மேடம். விளையாட்டுல எல்லாம் சரியாப் போயிரும்” என்றார். விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று ஆண்டு விழாக்களில் முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். 1969இல் எல் சால்வடோருக்கும் ஹோண்டுராஸுக்கும் இடையே மூண்ட போருக்குக் கால்பந்துப் போர் என்றே பெயர் வந்தது. நிலத் தகராறும் குடியேறியவர்களைத் துரத்திய கதையும் அதற்கு அடியில் இருந்தன. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களின் கலவரம் மேலே எண்ணெய் ஊற்றியது. ஆக, ஒரு பந்தை நடுவில் போட்டுவிட்டால் அதுவாகவே அமைதியின் பக்கம் உருளாது. பிறகு எதை நம்பிப் போடுவது?

அப்போதுதான் மெதயீன் நகரத்தின் கதை எனக்கு நினைவுக்கு வந்தது.

கொலம்பியாவின் மெதயீன், 1990களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகக் கொலைகள் நடக்கும் நகரமாக இருந்தது. 1991இல் லட்சம் பேருக்குச் சுமார் 380 கொலைகள். செத்தவர்களிலும் கொன்றவர்களிலும் பெரும்பாலோர் இளைஞர்கள், பையன்கள். போதைப்பொருள் வியாபாரத்தின் பெரிய தலை பப்லோ எஸ்கோபார் அந்த ஊர்க்காரன். ஏழைகள் இருக்கும் மேட்டுக் குடியிருப்புகளில் பையன்களுக்காகக் கால்பந்து மைதானங்கள் கட்டிக்கொடுத்தவனும் அவனே. அந்த மேட்டுக் குடியிருப்புகளிலிருந்தே அவனுக்குக் கூலிக் கொலைகாரர்களும் கிடைத்தார்கள். மைதானம் கட்டுவதை அமைதிப் பணி என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இவன் ஞாபகம் வரும்.

அதே குடும்பப் பெயர் கொண்ட இன்னொருவர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார். உறவில்லை. தேசிய அணியின் தடுப்பாட்டக்காரர், 27 வயது, கனவான் என்று ரசிகர்கள் கொண்டாடிய மனிதர். 1994 உலகக் கோப்பையில், ஜூன் 22 அன்று, அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணியின் பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து அவருடைய அணியின் வலைக்குள்ளேயே போனது. நம் பையன்கள் சேம்சைடு கோல் என்பார்களே, அது. கொலம்பியா 2-1 என்று தோற்றது, போட்டியிலிருந்தும் வெளியேறியது. ஊர் திரும்பிய அவரை ஜூலை 2 அதிகாலையில் ஒரு மதுக்கூடத்தின் வாகன நிறுத்தத்தில் சுட்டுக் கொன்றார்கள். இறுதி ஊர்வலத்துக்கு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். கொலையாளிக்கு 43 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; பதினொரு ஆண்டு வாக்கில் வெளியே வந்துவிட்டான்.

அந்த நேரத்தில் மெதயீனில் இருந்த யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியரும் உள்ளூர் நண்பர்களும் சேர்ந்து ‘அமைதிக்காகக் கால்பந்து’ என்ற தெரு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். பகைக் கும்பல்கள் இருக்கும் குடியிருப்புகளிலேயே ஆட்டம். ரெஃப்ரி கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரு அணியும் உட்கார்ந்து விதிகளைப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்த பின் திரும்பவும் உட்கார்ந்து யார் ஒழுங்காக ஆடினார்கள் என்று பேச வேண்டும். அதற்கும் புள்ளி உண்டு, கோலில் ஜெயித்தவர்கள் பேச்சில் தோற்கலாம். அணியில் பெண்கள் இருந்தே ஆக வேண்டும். அணியின் முதல் கோலை ஒரு பெண் அடிக்க வேண்டும். அவள் அடிக்கும்வரை ஆண்கள் அடிக்கும் கோல் கணக்கில் வராது.

இந்தக் கடைசி விதியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கவிதை எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு படிமம் கிடைத்தால் விடமாட்டாள். துப்பாக்கி வைத்திருந்த பையன்கள் ஒரு பெண்பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் உதைத்தால்தான் அவர்களுடைய ஆட்டமே ஆட்டம். இதைப் போய் நம் பையன்களிடம் செய்துபார்த்தால் என்ன?

என்னுடைய தவறும் அங்கேயே தொடங்கியது. விதிக்குப் பின்னால் இருந்த கணக்கை நான் அப்போது யோசிக்கவில்லை. பெண்கள் களத்தில் இருந்தால் ஆண்களின் முரட்டுத்தனம் அடங்கும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. அப்படியானால் அவள் விளையாட வந்தாளா, அடக்க வந்தாளா?

முகாம் 2024 பிப்ரவரியில். ஐம்பது மாணவர்கள், அதில் பத்தொன்பது பெண்கள். பகலில் கருவேலம் வெட்டுவது, ஊருணியைத் தூர்வாருவது. மாலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கரம்பையில் ஆட்டம். கல்லூரி விளையாட்டு அறையிலிருந்து ஒரு பந்தை எடுத்துவர இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நோக்கம் என்ற கட்டத்தில் சமூக நல்லிணக்கம் என்று எழுதினேன். உடற்கல்வி இயக்குநர் படித்துவிட்டுச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து ஐந்து பேராகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தேன். ஒவ்வொரு அணியிலும் இரண்டு பெண்கள். செருப்பில்லாத கால்கள். பெண்கள் ஷாலைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். அந்த முடிச்சு அவிழ்கிறதா என்பதிலேயே முதல் நாள் அவர்கள் கவனம் போனது. ஓடும்போது ஒரு கை எப்போதும் மார்புக்கு வந்துபோனது. யாரும் பார்க்காத இடத்தில் ஓடிப் பழகாத உடம்பு, பார்க்கிறவர்கள் நடுவில் ஓடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் பத்தாம் வகுப்போடு ஓட்டத்தை நிறுத்தியவள்தான்.

முதல் நாள் ஆட்டத்தில் நடந்தது இது. ஒரு பையன் பந்தைக் கொண்டுபோய் கோல் பக்கத்தில் நின்ற பெண்ணின் காலடியில் வைத்தான். எதிரணி கோல்கீப்பர் ஒதுங்கி நின்று கையைக் காட்டினான், வீட்டுக்கு வந்தவரை உள்ளே அழைப்பதுபோல. அவள் தட்டிவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த பக்கமும் அப்படியே. மூன்று நிமிடத்தில் இரண்டு அணியின் முதல் கோலும் முடிந்தது. அதன் பிறகு நாற்பது நிமிடம் நான்கு பெண்களின் காலிலும் பந்து படவில்லை. சுங்கச்சாவடியில் பணம் கட்டிவிட்டுப் போகிற வண்டிகள்போல பையன்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

நினைத்துப் பார்த்தால், கயிற்று நிறத்தைத் தாண்டி அந்தப் பையன்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இது: பெண்கள் பங்கைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். ஒருவருக்கொருவர் கண்ஜாடையிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இந்த ஒற்றுமையும் ஒற்றுமைதானே என்று நான் அன்றிரவு அறிக்கைக்குக் குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதவும் செய்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். இரு பிரிவு மாணவர்களும் மகிழ்ச்சியுடன் இணைந்து விளையாடினர்.

இரண்டாம் நாள் வணிகவியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் காலடிக்குப் பந்து வந்தது. கோல்கீப்பர் நேற்றைப்போலவே ஒதுங்கினான். அவள் பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அடி புள்ள.”

அவள் அடிக்கவில்லை.

“தட்டிவிடுட்டி, நேரமாவுது.”

எதிரணிப் பையன் ஒருவன் பொறுமையிழந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். ஆட்டம் நடந்தது. அவள் அணிப் பையன்கள் மூன்று கோல் அடித்தார்கள். மூன்றும் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பந்தை அவளிடமோ மற்றப் பெண்ணிடமோ கொண்டுவந்தார்கள். மற்றவள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் அடிக்கவில்லை. என் வேலை நடுவில் நிற்பது மட்டும், விசில் கிடையாது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே எரிச்சல் வந்தது என்பதுதான் உண்மை. நல்ல விதியைக் கொண்டுவந்து கொடுத்தால் இந்தப் பெண் கெடுக்கிறாளே என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

இருட்டும் நேரத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

“மேடம், நேத்திலிருந்து எங்க டீம் கோல்கீப்பர எல்லாரும் எப்படிக் கூப்பிடுதாங்கன்னு கேட்டீங்களா?” என்றாள்.

நான் கேட்டிருந்தேன். கேட்டும் கேட்காததுபோல இருந்தேன். அவன் மூன்றாமாண்டு மாணவன், அங்கிருந்தவர்களில் மூத்தவன். முதலாண்டுப் பையன்களே அவனை ஏல என்றும், அவன் அப்பா செய்த வேலையை வைத்தும் கூப்பிட்டார்கள். மற்ற எல்லாருக்கும் பெயர் இருந்தது, சிலருக்கு அண்ணன் என்ற ஒட்டும் இருந்தது.

“அவருக்கு ஒரு பேரு இருக்கு. அதச் சொல்லிக் கூப்பிட்டா நான் அடிக்கேன்” என்றாள்.

ஒருவன் சிரித்தான். பிறகு யாரும் பேசவில்லை. கடைசியில் அந்த மூன்றாமாண்டு மாணவனே சொன்னான்: “விடு புள்ள. பழகிப்போச்சு.”

அவள் எந்தத் தெரு என்று இதைப் படிக்கும் உங்களுக்குக் கேட்கத் தோன்றும். கேள்விப்பட்ட எல்லாரும் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். நான் சொல்லப்போவதில்லை.

இங்கே இலக்கணம் கற்பிக்கிறவளாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அமைதி என்பது தமிழில் வழுக்கும் சொல். சண்டை இல்லாத நிலையும் அமைதி, சத்தம் போடாமல் இருப்பதும் அமைதி. பெண் பார்க்க வருகிறவர்கள் “பொண்ணு அமைதி” என்றால் அவள் உலக சமாதானத்துக்குப் பாடுபடுகிறாள் என்று பொருள் இல்லை. இலக்கணத்தில் இன்னொரு அமைதி இருக்கிறது, வழுவமைதி. தவறுதான், ஆனாலும் ஒரு காரணம் காட்டித் தவறில்லை என்று ஏற்றுக்கொள்வது. பசுவைப் பிரியத்தில் என் அம்மை வந்தாள் என்று சொன்னால் அது திணை வழுவமைதி. வகுப்பில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும் பாடம். பழகிப்போச்சு என்று அவன் சொன்னபோது எனக்கு அந்தப் பாடம் கசந்தது. கிராமங்களில் திருவிழாக் காலத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தைகளை நினைத்துப் பாருங்கள். தாசில்தார் முன்னிலையில் கையெழுத்தாகும் தாள்களில் பல இப்படிப்பட்டவை: இந்த வருடம் தேர் அந்தத் தெருவுக்குப் போகாது, அதனால் அமைதி. வழு அப்படியே இருக்கிறது. அமைதி மட்டும் கையெழுத்தாகிறது.

விளையாட்டில் இதற்கு இடம் குறைவு என்று நினைக்கிறேன். அல்லது இடம் குறைவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பந்தாட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச சமத்துவம் வேண்டும். எதிரே நிற்பவன் என்னைப் போலவே ஜெயிக்கலாம் என்று ஒத்துக்கொள்ளாமல் அவனோடு ஆட முடியாது. ஒதுங்கி நின்று கோலைத் திறந்துவிட்ட பையன் அந்தப் பெண்ணோடு ஆடவில்லை. ஏல என்று கூப்பிட்டவன் அந்தக் கோல்கீப்பரோடு ஆடவில்லை. பக்கத்தில் ஓடினான், அவ்வளவுதான். இரண்டும் ஒரே காரியம் என்பதை அவள் எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள். தனக்குத் தரப்பட்ட இலவச கோலும் அவனுக்குத் தரப்படாத பெயரும் ஒரே கையிலிருந்து வருகின்றன என்று.

அடுத்த நாள் ஒரே ஒரு பையன், கொஞ்சம் கூச்சத்தோடு, அந்தக் கோல்கீப்பரைப் பெயர் சொல்லி பாஸ் கேட்டான். வேறு யாரும் மாறவில்லை. ஆனால் ஏல என்பது குறைந்தது, வெறும் ‘ஏய்’ என்றானது. அவள் அதைப் போதும் என்று எடுத்துக்கொண்டாள். எதிரணி கோல்கீப்பர் இந்த முறை ஒதுங்கவில்லை. கோபம்தான் காரணம் என்று நினைக்கிறேன், மரியாதை இல்லை. கோபத்தில் அவன் அவளை உண்மையாகத் தடுத்தான். அவள் மூன்று முறை உதைத்தாள், மூன்றும் வெளியே போனது. அவள் அணி 2-0 என்று தோற்றது. முழங்காலில் சிராய்த்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஷால் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அவள் திரும்பி வந்தாள். முகாமில் நான் பார்த்த ஒரே விளையாட்டு அதுதான்.

இங்கேயே நிறுத்திவிட்டால் நல்ல கதையாக இருக்கும். யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். அவள் பந்தின்மேல் காலை வைத்து நிற்கும் காட்சி, பின்னணியில் ஒரு சாதிப் பாட்டு, கீழே அவளையும் அந்த மூன்றாமாண்டு மாணவனையும் சேர்த்து ஒரு வரி. முகாம் முடிந்து நான்காம் நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. பன்னிரண்டு நாள் வரவில்லை.

சங்க அகப்பாட்டில் இதற்குப் பெயர் இற்செறிப்பு. தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைப்பது. வகுப்பில் நான் அதைக் காதலின் சுவையைக் கூட்டும் ஒரு துறையாக நடத்திக்கொண்டிருந்தேன். அதே பாட்டுகளில் சிறுமிகள் மணல்வீடு கட்டுகிறார்கள், கழங்காடுகிறார்கள், ஊசலாடுகிறார்கள், பந்தாடுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தாட்டத்துக்கென்றே கந்துகவரி இருக்கிறது. பெண்கள் விளையாடியதற்குத் தமிழில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அந்தப் பந்து எந்த வயதில் கையைவிட்டுப் போகிறது என்பதற்கும் அதே பாட்டுகளில் சான்று இருக்கிறது. இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்றது. அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது வருடம் நின்றது. கால்பந்தின் தாய்வீடு என்று நாம் சொல்லும் பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் ஆடுவதே சட்ட விரோதம். இற்செறிப்பைச் சட்டமாகவும் எழுதலாம்.

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பேசும்போதும் கை நிற்கவில்லை. உள்ளே அவளும் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரி விட்டு வந்து தினமும் செய்கிற வேலை. முகாமுக்கு வந்த ஏழு நாளில் அவள் பங்கையும் சேர்த்து அம்மா சுற்றியிருக்கிறார் என்பது அங்கே போன பிறகே தெரிந்தது. நைரோபியின் மதாரே சேரியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், குப்பை அள்ளினால் லீக்கில் அணிக்குப் புள்ளி கிடைக்கும். உலகமே பாராட்டிய ஏற்பாடு. அங்கேயும் பெண்பிள்ளைகள் ஆட வருவதற்குத் தடையாக இருந்தவற்றில் முக்கியமானது வீட்டு வேலை. பையன்கள் தெருவில் குப்பை அள்ளினால் புள்ளி, பெண்கள் வீட்டில் அள்ளுவதற்கு யார் புள்ளி போடுவது? பீடித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அதை நினைத்தேன்.

நான் விளக்கினேன். பையன்களிடையே பகை தணிய வேண்டும், பெண்பிள்ளைகள் இருந்தால் அது முடியும், உங்கள் மகள் தைரியசாலி என்றெல்லாம். அந்த அம்மா முழுதும் கேட்டார்.

“ஒங்களுக்குப் பொம்பளப் புள்ள இருக்கா டீச்சர்?”

இருக்கிறாள் என்றேன்.

“அவள இதுல எறக்கி விட்டிருப்பியளா?”

நான் பதில் சொல்லவில்லை. என் மகள் மதுரையில் படிக்கிறாள். அவளைக் கால்பந்து ஆட விட்டிருப்பேன், சந்தோஷமாக. இரண்டு தரப்புப் பையன்களுக்கு நடுவில், அவர்கள் நல்லவர்களாக ஆக வேண்டும் என்பதற்காக, கையடக்கக் கேமராக்கள் முன்னால் நிறுத்தியிருப்பேனா? மாட்டேன். அந்த இடத்தில் நிறுத்த எனக்கு வேறு வீட்டுப் பெண் தேவைப்பட்டாள்.

பேருந்தில் திரும்பும்போது ஔவையைப் பற்றி யோசித்தேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அங்கே பளபளவென்று இருந்த படைக்கலங்களைப் பார்த்து, என் அரசனுடையவை போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்லித் தொண்டைமானைக் குத்தியவர். பெண் தூது போனாள், போரைத் தடுத்தாள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஔவையிடம் சொல் இருந்தது. அந்தச் சபையில் அவர் பேசலாம், குத்தலாம், பேசிவிட்டுத் திரும்பி வரலாம். அவர் பின்னால் ஓர் அரசன் இருந்தான். நான் இந்தப் பெண்ணைத் தூது அனுப்பினேன், சொல்லைக் கொடுக்கவில்லை. ஒரு கோலைக் கொடுத்தேன். சொல்லை அவளே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதற்கான விலையை அவள் பின்னால் நின்று தர நான் தயாராக இருக்கவில்லை.

மெதயீன் விதி தவறு என்று இன்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. அது பெண்ணைத் தவிர்க்க முடியாதவளாக்குகிறது. பையன்கள் எப்படியும் முடித்துவிடலாம் என்று நினைத்த கணக்கில் அவளால் கால் வைத்து நிற்க முடிந்தது அந்த விதி இருந்ததால்தான். விதி இல்லாவிட்டால் அவள் மறுப்பதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் விதியை எந்த நியாயத்தால் தாங்கிப்பிடிக்கிறோம் என்பது முக்கியம். பெண்கள் இருந்தால் ஆண்கள் அடங்குவார்கள் என்பது நியாயமானால், நாளைக்கு ஆண்கள் தாமாகவே அடங்கிவிட்ட ஊரில் பெண்களுக்கு மைதானத்தில் வேலை இல்லை. அவர்கள் அடங்காத ஊரில் குற்றம் பெண்கள்மேல் விழும். அவள் விளையாடுவது அவளுக்கு வேண்டும் என்பதால், மைதானம் அவளுக்கும் உரியது என்பதால் என்று சொன்னால் விதியின் முகமே மாறுகிறது. அப்போது அமைதி வந்தாலும் வராவிட்டாலும் அவள் ஆடுவாள். அமைதி வராத நாளில் அவள் ஆடுவதற்குப் பாதுகாப்பு தர வேண்டியது யார் என்ற கேள்வியும் அவள் தலையிலிருந்து இறங்கி என் தலைக்கும் கல்லூரி தலைக்கும் வந்துவிடும்.

வீடியோவைப் பற்றிப் புகார் கொடுத்தேன். விசாரணை என்ற பெயரில் இரண்டு பையன்களிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கினார்கள். அவளிடமும் ஒரு கடிதம் கேட்டார்கள், இனி இப்படி நடக்காது என்று. எது நடக்காது என்று அவள் கேட்டாளாம். அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவிடவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. மூன்றாமாண்டு மாணவன் படிப்பை முடித்துவிட்டுத் திருப்பூருக்குப் போனான். முகாம் அறிக்கையில் நான் எழுதிய மகிழ்ச்சியுடன் இணைந்து என்ற வரியை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் பழையதையே அனுப்பிவிட்டார்கள்.

ஜூலையில், கல்லூரி திறந்தபின், அவளும் வேறு ஆறு பெண்களும் என் அறைக்கு வந்தார்கள். பந்து வேண்டும் என்றார்கள்.

“பசங்க கூடயா?” என்றேன்.

“இல்ல மேடம். நாங்க மட்டும்.”

“எதுக்கு?” பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சும்மா மேடம், விளையாடத்தான்” என்றாள் ஒருத்தி.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். நோக்கம் கட்டத்தில் விளையாட என்று எழுதினேன். உடற்கல்வி இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, இதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். மூன்றரைக்கு வகுப்பு முடிகிறது, அவர்கள் ஊர்ப் பேருந்து நான்கு இருபதுக்கு. அதை விட்டால் ஆறரைக்குத்தான். வீட்டில் பீடித் தட்டு காத்திருக்கும். ஐம்பது நிமிடம், அதில் உடை மாற்ற ஓர் இடம் வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் வேண்டும். மைதானத்தில் அந்த நேரம் கிரிக்கெட் ஆடும் பையன்கள் பாதியை விட்டுத்தர வேண்டும். அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும் என்றார்கள். நான் வரட்டுமா என்றேன். வேண்டாம், நாங்களே கேட்டுக்கொள்கிறோம், நீங்கள் முதல்வரிடம் தண்ணீருக்குச் சொல்லுங்கள் என்று பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.